மெத்தை விளம்பரத்தை நிறுத்தச் சொல்லித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் என் பெண்ணும் சாப்பாடு, தூக்கம், சண்டை எதற்கும் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய். இத்தனை நாளாகத் தினமும் பதினைந்து இருபது தடவை பார்த்தேனே! எட்டு அங்குல மெத்தையில் விழுகிறாய், எழுகிறாய், சிரிக்கிறாய், மறுபடியும் விழுகிறாய். இடுப்பில் ஒரு பிடிப்பு இல்லை, கழுத்தில் ஒரு சுளுக்கு இல்லை. அந்த நீலச் சட்டை மட்டும் தோளில் சரியாக உட்காரவில்லை. யார் தைத்தது?

நான் முதலில் பேசமாட்டேன் என்று சபதம் போட்டவள் எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிக்கலாம். சொன்னது சொன்னதுதான். கடிதம் பேச்சில் சேராது. முப்பது வருஷம் நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற உன் அத்தானிடமே கேட்டு உறுதி செய்துகொண்டேன். “எழுதுறது பேசுறதுல சேராது, ஆனா சாட்சியமா எடுத்துக்கலாம்” என்றார். யாருக்குக் கடிதம் என்று நான் சொல்லவில்லை. உன் விலாசத்தை அவருடைய சட்டைப்பை டைரியிலிருந்து எடுத்தேன். அவர் மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போகிற சாக்கில் உன்னோடு போனில் பேசுவது எனக்குத் தெரியாது என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நாலு கைக்குட்டை உலர்த்த முக்கால் மணி நேரம் ஆகுமா? அவர் ரகசியம் பேசினாலே தெருமுனைவரை கேட்கும். இருந்தாலும் நான் கேட்டுக்கொண்டதில்லை. வேலை எப்படிப் போகிறது என்று அவர் உன்னைக் கேட்பது மட்டும் காதில் விழும், உன் பதில் விழாது.

இது மன்னிப்புக் கடிதமும் இல்லை. அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீ இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று, சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும், “உன் மூஞ்சியை எவன்டா உக்காந்து பார்ப்பான்?” என்று கேட்டேன். கேட்டது கேட்டதுதான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனவன்தான் நீ. இரண்டு வருஷம் எட்டு மாதமாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை, எனக்கு ஒரு போன் இல்லை. நான் நாளெண்ணிக்கொண்டு உட்காரவில்லை, காலண்டர் அது பாட்டுக்குச் சுவரில் தொங்குகிறது, கண்ணில் படுகிறது. அது உன் பாடு. நான் எழுத வந்தது விளம்பரத்தைப் பற்றி, விளம்பரத்தைப் பற்றி மட்டும்.

கேள்வி இதுதான். வீடியோவின் நடுவில் விளம்பரம் வரலாமா, கூடாதா? கூடவே கூடாது. ஏன் கூடாது என்பதை இனி சொல்கிறேன். முழுதும் படித்துவிட்டு, உன்னை வைத்து விளம்பரம் எடுத்த கம்பெனிக்காரர்களிடம் போய், அக்கா இப்படிச் சொல்கிறாள் என்று சொல். அவர்கள் யார் அக்கா என்று கேட்டால், உன் விளம்பரத்தால் பன்னிரண்டு கோட்டுகளைப் பறிகொடுத்தவள் என்று சொல்.

நடந்தது இது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே புதிதாக ஒரு ஹோட்டல் திறக்கிறார்கள். பரிமாறுகிற ஆட்களுக்குப் பன்னிரண்டு கறுப்புக் கோட்டு வேண்டும் என்று முதலாளி நம் கடைக்கு வந்தார். நம் கடை என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், என் கடைக்கு. எனக்குச் சட்டை வரும், பாவாடை வரும், பள்ளிச் சீருடை கண்ணை மூடிக்கொண்டு வரும். கோட்டு வராது. அந்த ரெண்டு துண்டுக் கையும் நிமிர்ந்து நிற்கிற கழுத்தும் என் வம்சத்தில் யாரும் தைத்ததில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “கோட்டா? அதுக்கென்ன, தைச்சாப் போச்சு” என்று சொல்லிவிட்டேன். அவர் போனதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் பெண்தான் போனில் தேடி ஒரு தையல் மாஸ்டரைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். பெரிய மீசை வைத்திருப்பார், நிதானமான மனிதர், ஊசியில் நூல் கோப்பதைக்கூட இரண்டு தடவை காட்டுவார். நானும், கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற காஜாக்காவும் அவருக்கு மீசை மாஸ்டர் என்று பெயர் வைத்தோம். போனை அலமாரித் தட்டில் நிற்கவைத்து, அவர் சொல்லச் சொல்ல நான் வெட்டுவது என்று ஏற்பாடு.

மீசை மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் நீ வந்துவிடுவாய். முதல் நாள் உன்னைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. காஜாக்கா கட்டைவிரலில் ஊசியைக் குத்திக்கொண்டாள். “அய்யோ, இது நம்ம தம்பிதானே!” என்று அவள் கத்திய கத்தலில் பக்கத்துச் சாவிக்கடைக்காரர் ஓடிவந்தார். அவர் வருவதற்குள் நீ போய்விட்டாய். மூன்று பேரும் அடுத்த விளம்பரத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றோம். சாவிக்கடைக்காரர் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் விழறாரு” என்று சொல்லிவிட்டுப் போனார். இது எனக்குப் பிடித்திருந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இனிதான் விஷயம். கவனமாகப் படி. பன்னிரண்டு கோட்டையும் தனித்தனியாக வெட்டினால் வேலை முடியாது. பன்னிரண்டு மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குண்டூசி குத்தி, கட்டிங் மெஷினை ஒரே ஓட்டாக ஓட்டினால் பன்னிரண்டும் ஒரே அச்சில் வந்துவிழும். முதுகு வந்தது, முன்பக்கம் வந்தது, கழுத்துக்கூட வந்தது. நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். அடுத்தது கை. மீசை மாஸ்டர் அளவுநாடாவைத் தூக்கிக் காட்டி, “இப்ப கவனமாப் பாருங்க. தோள்லேருந்து கீழே கை நீளம் எவ்வளவு வைக்கணும்னா” என்றார். அந்த இடத்தில் வந்தாய் பார், பாவி! “எட்டு அங்குலம்! எட்டே எட்டு அங்குலம்!” என்றாய்.

வெட்டிவிட்டேன்.

சிரிக்காதே. ஒரு கோட்டின் கை எட்டு அங்குலமா என்று உலகத்தில் எந்தத் தையல்காரியும் ஒரு நொடி யோசிப்பாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் யோசித்திருப்பேன். சொன்னது நீ. பதினொரு வருஷம், பள்ளிக்கூடம் விட்டு வந்தும் காலேஜ் விட்டு வந்தும் அந்த மேஜை முனையில் உட்கார்ந்து அளவு நோட்டைப் படித்தவன் நீ. “தோள் பதினேழு, கை இருபத்தி மூணு, உயரம் இருபத்தொன்பது” என்று நீ சொல்லிக்கொண்டே போவாய், நான் நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெட்டிக்கொண்டே போவேன். ஒரு நாள் ஒரு அளவு தப்பாகப் படித்ததில்லை. உன் குரலில் ஒரு எண் வந்தால் என் கை வெட்டும். மூளையைக் கேட்காது. நீ மெத்தையின் தடிமனைச் சொல்கிறாய் என்று என் கைக்கு எப்படித் தெரியும்? நான் மெஷினை நிறுத்தவும், நீ மெத்தையில் குப்புற விழவும், மீசை மாஸ்டர் திரும்பி வரவும் சரியாக இருந்தது. அவர் சொன்னார்: “இருபத்தி மூணு. தப்பா வெட்டிடாதீங்க, அப்புறம் துணி போனது போனதுதான்.”

இருபத்தி நாலு கை, தம்பி. ஒவ்வொன்றும் முழங்கைக்கு மேலே நின்றுவிட்டது. காஜாக்கா ஒன்றை எடுத்துத் தன் கையில் மாட்டிப் பார்த்துவிட்டு, “வெய்யிலுக்கு நல்லாருக்கும்மா” என்றாள். நான் போனைப் பார்த்தேன். போனை உடைத்தால் வேறு வாங்க வேண்டும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். கோட்டுக்காக அழுதேன். உன் அத்தானிடம், இந்த வீடியோக்காரர்களைக் கேட்பார் இல்லையா, நடுவில் விளம்பரம் போட யார் உரிமை கொடுத்தது என்று கேட்டேன். அவருக்கோ அப்போதும் நீதிமன்றத்தில் இருப்பதாகவே நினைப்பு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “எதிர்த்தரப்பையும் கேக்கணும். அந்த மீசைக்காரர் உனக்கு எதுக்கு இலவசமாச் சொல்லிக்கொடுக்கணும்? அவர் வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா? விளம்பரம் இருக்கறதாலதான் அவர் இருக்கார், அவர் இருக்கறதாலதான் நீ கோட்டுக்குத் துணியே விரிச்சே” என்றார்.

“விளம்பரமே வேண்டாம்னு நான் சொன்னேனா? முன்னாடி போடட்டும், பின்னாடி போடட்டும். நான் ஒருத்திக்கு இடுப்பளவு எடுக்கும்போது நாடாவைப் பாதியில் விட்டுட்டு, ‘எங்க சாவிக்கடைக்காரர் நல்லா சாவி போடுவார்’னு சொன்னா அவ சும்மா விடுவாளா?” என்றேன். “நீ சொல்றதுதானே வழக்கம்! போன வாரம் அவர் கடைக்கு நாலு பேரை அனுப்பினே” என்றார். “அது உதவி” என்றேன். “அதுக்குப் பேர் விளம்பரம்” என்றார்.

ஆனால் மறுநாளே அவருக்கும் கிடைத்தது. முதுகுவலிக்காக அவரும் ஒரு வீடியோ பார்த்து உடற்பயிற்சி செய்கிறார். ஒரு டாக்டரம்மா சொல்லச் சொல்ல, தரையில் பாய் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு செய்வார். எதையும் சொன்னபடி செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, அது உனக்கே தெரியும். டாக்டரம்மா, “மல்லாந்து படுத்து ரெண்டு காலையும் மேல தூக்குங்க. நான் சொல்ற வரைக்கும் இறக்காதீங்க” என்றார். தூக்கினார். விளம்பரம் வந்தது. முதலில் ஒரு சோப்பு, அப்புறம் நீ. “இப்படியே படுத்திருக்கலாம் போல இருக்கா?” என்று நீ கேட்கிறாய். இவர் இரண்டு காலையும் கூரையைப் பார்த்து நீட்டிக்கொண்டு, கண்ணைத் திறக்காமல், “இல்ல மச்சான், இல்லவே இல்ல” என்று முனகுகிறார். அந்த நேரம் பார்த்து போனில் வேறு அந்த வட்டம் சுற்றிக்கொண்டே வீடியோ நின்றுவிட்டது. டாக்டரம்மா திரும்பி வரவே இல்லை. இறக்கலாமே என்றால், “சொல்லலையே” என்கிறார். நான் கடையிலிருந்து காஜாக்காவைக் கூப்பிட்டு வந்து, ஆளுக்கொரு காலைப் பிடித்து இறக்கிவைத்தோம். இரண்டு நாள் படி ஏறவில்லை. மொட்டை மாடிக்குக் கைக்குட்டை உலர்த்தப் போகவில்லை. உனக்கு இரண்டு நாள் போன் வராததற்குக் காரணம் இதுதான், நீ வேறு ஏதாவது நினைத்துக்கொள்ளாதே.

கோட்டுக் கதைக்கு வருகிறேன். ஹோட்டல் முதலாளிக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? ‘என் தம்பி மெத்தையில் படுத்துக்கொண்டு அளவு சொன்னான், அதனால் வெட்டிவிட்டேன்’ என்று சொன்னால் என்னை எங்கே அனுப்புவார்கள்? வெட்டி விழுந்த மிச்சத் துணியை முழங்கைக்கு மேலே ஒட்டுப்போட்டு, அங்கே ஒரு பட்டியை வைத்து மறைத்தால் தெரியாது என்று காஜாக்கா யோசனை சொன்னாள். மாதிரிக்கு ஒரு கோட்டை அப்படித் தயார் செய்தோம். அவசரத்தில் பட்டியைக் கையால் ஓட்டுத் தையலாக மட்டும் போட்டிருந்தேன், அவருக்குப் பிடித்தால் அப்புறம் மெஷினில் அழுத்தித் தைக்கலாம் என்று. முதலாளி வந்தார், பார்த்தார். “இது என்னம்மா கையில பட்டி?” என்றார். “இப்ப இதுதான் சார் பாஷன். பெரிய ஹோட்டல்ல எல்லாம் இப்படித்தான்” என்றேன். அவர் தலையை ஆட்டினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூட வந்த பரிமாறுகிறவரிடம் கோட்டை மாட்டச் சொல்லி, ஒரு தட்டைக் கொடுத்து, தோளுக்கு மேலே தூக்கிக் காட்டச் சொன்னார். அந்த மனிதர் தூக்கினார். தட்டு மேலே போனது. கோட்டின் கை பட்டியோடு அப்படியே கழன்று, முழங்கையில் வந்து சுருண்டு நின்றது.

அப்புறம் முதலாளி பேசினார். அதை நான் எழுத மாட்டேன். கடைசியில், “நாலு நாள் தரேன். முழுக் கை, ஒரே துணி. இல்லேன்னா வேற கடை பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். புதுத் துணி என் செலவில் வாங்கி மறுபடியும் மேஜையில் விரித்தேன். விரித்தேனே தவிர வெட்ட முடியவில்லை. நீ எப்போது வருவாய், எந்த அளவுக்கு நடுவில் வந்து குதிப்பாய் என்றே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மீசை மாஸ்டர் ‘இப்ப’ என்றாலே நான் மெஷினிலிருந்து கையை எடுத்துவிடுகிறேன்.

அப்போதுதான் என் பெண் வந்தாள். போனை வாங்கிப் பார்த்தாள். “அம்மா, எல்லாருக்கும் இந்த விளம்பரம் இத்தனை தடவை வராது. அஞ்சு நொடி ஆனதும் ஓரத்துல ஸ்கிப்னு ஒண்ணு வருதே, அதை நீ ஒரு தடவைகூடத் தொட்டதில்லையா?” என்றாள்.

“கையில கத்தரிக்கோலை வெச்சுக்கிட்டு எப்படித் தொடுறது?” என்றேன்.

“கத்தரிக்கோலைக் கீழே வெச்சிட்டுத் தொடணும். நீ ஒவ்வொரு தடவையும் கடைசி வரைக்கும் பார்க்கறே. இவங்களுக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்குன்னு அதுவே முடிவு பண்ணி, திரும்பத் திரும்ப அனுப்புது. உனக்கு ஒரு மெத்தை வேணும்னு அது நினைக்குதும்மா.”

காஜாக்கா ஊசியைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மரியாதைக்காகத்தான் பார்த்தேன். ஒருவன் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் தள்ளிவிடுவது நம் வீட்டுப் பழக்கமா? நீ பேசி முடிக்கட்டும் என்று இருந்தேன். அவ்வளவுதான். வேறு எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பெண் உட்கார்ந்து என்னவோ தட்டினாள். மாதச் சந்தா கட்டிவிட்டாளாம், இனிமேல் எந்த வீடியோவிலும் விளம்பரமே வராதாம். “என் பரிசும்மா, நிம்மதியா வெட்டு” என்றாள். வெட்டினேன். மீசை மாஸ்டர் ஆரம்பித்தது முதல் முடித்ததுவரை ஒரே மூச்சு. இருபத்தி மூன்று என்றார், இருபத்தி மூன்று வெட்டினேன். மூன்றாம் நாளே பன்னிரண்டு கோட்டையும் இஸ்திரி போட்டு அனுப்பிவிட்டேன். முதலாளி தட்டைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பேசாமல் வாங்கிக்கொண்டாராம்.

ஆகவே, தம்பி, இப்போது என் கடையில் முழு அமைதி. உன் தொந்தரவு விட்டது. நான் வேலை செய்கிறேன், மீசை மாஸ்டர் பேசுகிறார், இடையில் ஒரு ஈ காக்கை கிடையாது. விளம்பரம் இல்லாத வீடியோவைப் போல மனிதனுக்கு நிம்மதி தருவது வேறில்லை என்று இதன்மூலம் முடிவாகச் சொல்லிக்கொள்கிறேன். சந்தா கட்ட முடியாத மற்றவர்கள் பாவம், அவர்களையும் நினைத்து உன் கம்பெனியிடம் அந்த மெத்தை விளம்பரத்தை உடனே நிறுத்தச் சொல். அவர்கள் நிறுத்தும்வரை நீயாவது எண் சொல்வதை நிறுத்து. ‘தடிமனான மெத்தை’ என்று சொன்னால் போதாதா?

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நல்ல வேஷங்கள் கிடைக்கட்டும், உட்கார்ந்தபடியோ நின்றபடியோ நடிக்கிற வேஷங்களாக. உன் அத்தான் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னதாக எழுதுகிறேன், அவரிடம் இன்னும் கேட்கவில்லை. காஜாக்கா விசாரித்தாள். எங்கிருந்தாலும் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத
அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை முடித்துக் கவரில் போட்டது வியாழக்கிழமை. இன்று செவ்வாய். தபால்பெட்டி நாலு கடை தள்ளித்தான் இருக்கிறது, போட மனசு வரவில்லை. அதற்குள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

கோட்டு வேலை முடிந்தபின் பள்ளிச் சீருடை தைக்க உட்கார்ந்தேன். சீருடைக்கு மீசை மாஸ்டர் தேவையே இல்லை. இருந்தாலும் போனை நிற்கவைத்து அவரைப் போட்டேன். போட்டவுடனே பேசுகிறார். நான் நிமிர்ந்து பார்க்கிறேன், அவர் இருக்கிறார். பாதியில் பார்க்கிறேன், அவரேதான். எவ்வளவு நேரம்தான் அந்த மீசையைப் பார்ப்பது? வெள்ளி, சனி இரண்டு நாளும் இப்படியே போனது. காஜாக்கா, “கடையே வெறிச்னு இருக்கும்மா” என்றாள். அவளை அதட்டினேன். பிறகு என் பெண்ணைக் கூப்பிட்டு, சந்தாவை நிறுத்து என்றேன். “விளம்பரம் வேணும்னு யாராவது கேப்பாங்களாம்மா?” என்றாள். நான் சீருடைக்குப் பொத்தான் தேடினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், சந்தாவை நிறுத்திவிட்டாள்.

விளம்பரம் வந்தது. அதே மெத்தை, அதே எட்டு அங்குலம். ஆள் நீ இல்லை. எவனோ ஒருவன், சிவப்பாக, ஒல்லியாக, பல்லெல்லாம் தெரிய. “எட்டே எட்டு அங்குலம்” என்கிறான். என் கை அசையவே இல்லை. சோப்புக்கு வேறு ஆள், எண்ணெய்க்கு வேறு ஆள், அன்று வந்த அத்தனை விளம்பரத்தையும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எதிலும் நீ இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ, வேலை போய்விட்டதோ, வாடகைக்கு என்ன செய்கிறாயோ! உன் அத்தானைக் கேட்கலாம் என்றால், கேட்டால் மொட்டை மாடி விஷயம் எனக்குத் தெரியும் என்று தெரிந்துவிடும். நேராக இரண்டு பஸ் மாறி அந்த மெத்தைக் கடைக்கே போய்விட்டேன்.

அங்கே இருந்த விற்பனையாளர், “எத்தனை அங்குலம்மா பார்க்கறீங்க?” என்றார். “உங்க விளம்பரத்துல விழுந்துக்கிட்டு இருந்தாரே ஒருத்தர், அவர் எங்கே?” என்றேன். “அது பழசும்மா. வருஷா வருஷம் ஆளை மாத்திடுவாங்க” என்றார். “அவருக்கு என்ன ஆச்சு?” என்றேன். “எங்களுக்கு எப்படித் தெரியும்? அவரோட அட்டைதான் பின்னாடி கிடக்கு” என்றார். போய்ப் பார்த்தேன். பழைய தலையணைகளுக்கு நடுவில், ஆள் உயர அட்டையாக, சுவரைப் பார்த்து உன்னை நிற்கவைத்திருந்தார்கள். தூக்கிப் போடத்தான் வைத்திருக்கிறார்களாம். எனக்கு வந்த கோபத்தில் அந்த மனிதரை நாலு கேள்வி கேட்டுவிட்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உன்னைப் படுக்கவைக்க இடமில்லை, நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கூட வந்தவருக்கும் டிக்கெட்டா?” என்றார். “என் தம்பி” என்றேன். பஸ்ஸே சிரித்தது. சிரிக்கட்டும்.

இப்போது நீ வெட்டுமேஜை பக்கத்தில் நிற்கிறாய். உன் அத்தான் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவர் வாசலிலிருந்தே, “வா மச்சான்! மாடியில சொல்லும்போது ஞாயிற்றுக்கிழமைதானே வரேன்னே?” என்று கத்திக்கொண்டு உள்ளே வந்தார். கிட்டே வந்ததும்தான் அட்டை என்று தெரிந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சாப்பிடும்போது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆறு வாரமாக வேலை இல்லை, வர ஆசைதான், அக்கா வாசலில் நிற்கவைத்துப் பேசுவாளோ என்று பயம். இதைத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்று நீ மூன்று தடவை சொல்லி மூன்று தடவையும் வரவில்லையாம்.

மேலே எழுதியிருப்பதையெல்லாம் விட்டுத்தள்ளு. கம்பெனியிடம் எதுவும் சொல்ல வேண்டாம். விளம்பரம் வரட்டும், எங்கே வேண்டுமானாலும் வரட்டும், தையலுக்கு நடுவில்கூட வரட்டும். உன்னை மறுபடி போடச் சொல். அன்றைக்கு நான் பேசியது தப்பு, தம்பி. சொல்லியிருக்கக் கூடாது. உன்னை உட்கார்ந்து பார்க்கிற ஆள் எப்போதும் இருந்தாள், வாய்தான் சரியில்லை.

நீலத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், உனக்கு ஒரு சட்டைக்கு. அட்டையை வைத்து அளவெடுத்தேன். தோள் பதினைந்தரை வருகிறது. உனக்குப் பதினேழு. அட்டைக்காரன் சிறிதாக அடித்துவிட்டானா, இல்லை நீதான் இளைத்துவிட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. இதை வைத்து நான் எப்படி வெட்டுவது? நேரில் வந்து நில்.